பேர் தெரியாத படம்

ஒரகடத்தில் ஒரு நாள் லாரி ஓடாமல்கூடப் போகலாம். ‘ரெண்டாவது ரீல்’ அண்ணனைப் போல இன்னொரு பைத்தியம் அங்கே வந்து சேரவே சேராது.

கார் ஃபேக்டரியின் பெயின்ட் ஷாப்பில் எனக்கு சீனியர். ஹாஸ்டலில் ஆறு பேருக்கு ஓர் அறை. அவர் கட்டிலில் பதிமூன்று தகரப் பெட்டிகள் படுத்திருக்கும், அவர் தரையில். பெட்டிகளுக்குள் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம், இரண்டாவது ரீலிலிருந்து கடைசி வரை. பெயர் ஓடும் முதல் ரீல் மட்டும் இல்லை. படத்தின் பெயர் அவருக்கே தெரியாது. ஃபிலிமின் புளித்த வாடையில் நாங்கள் ஊறுகாய் ஜாடிக்குள் குடியிருந்தோம்.

திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் கேட்டேன்: “போன்லயே ஆயிரம் படம் இருக்கு. எதுக்குண்ணே இதக் கட்டிக்கிட்டு அழுவுதீய?”

“முழுசா கீற படத்த எவன் வேணா பாப்பான். காணாமப்போன துண்ட நம்மதான் மனசுல ஓட்டணும். நானே நாப்பது பேர் வெச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் ஒட்டல.”

ஒரு நாள், அந்தப் பெட்டிகள் அவருக்குக் கிடைத்த, வாலாஜாபாத் பக்கம் பூட்டிக் கிடந்த தியேட்டரை இடிக்கிறார்கள் என்று சேதி வந்தது. அண்ணன் லைன் ஓடும்போதே கையுறையைக் கழற்றினார்.

சூப்பர்வைசர் கத்தினார்: “இப்ப போனா நாளைக்கு கேட்டுக்குள்ள வராத!”

“வரலன்னா போவுது சார்!”

அப்போதுதான் என் ஷிஃப்ட் முடித்து வெளியே வந்த நான்தான் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் மனதை மாற்றிவிடலாம் என்று நினைப்பு.

அங்கே பொக்லைன் கையை ஓங்கிக்கொண்டு நின்றது. அண்ணன் நேராக அதன் முன்னால் போய் நின்றார்.

“யோவ், நவுருயா! சாவ வந்தியா?” என்றான் டிரைவர்.

“பத்தே நிமிசம்பா. உள்ள ஒரு படத்தோட பேரு கீது.”

டிரைவர் எஞ்சினை அணைத்தது இரக்கத்தால் அல்ல, குழப்பத்தால்.

தியேட்டர் ஆபரேட்டர் அறையில், ஆடும் மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது ஒரு தகரப் பெட்டி. திறந்து, ஒரு முழம் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தார்.

“அதே பொண்ணுடா! அதே குடை!”

“பேரு என்னண்ணே?”

சட்டென்று மூடிவிட்டார். “இத்தினி வருசம் காத்துக்கினு இருந்தது இப்பிடி ஓரமா நின்னு படிக்கவா? திரையிலதான் பாப்பேன்.”

ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் வேட்டி கட்டி, வாடகைப் புரொஜெக்டர் ஓடியது. அண்ணனுக்கு மெமோ கொடுத்த சூப்பர்வைசரே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கீறல்கள், புள்ளிகள், ஒரு மழை. பிறகு வேட்டி முழுக்க எழுத்து: ‘குடைக்காரி கோமளம்.’

விசில் படப்பை வரை கேட்டிருக்கும். அண்ணன் எழுந்து நின்று அதை மூன்று முறை உரக்கப் படித்தார். பிறகு துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

படம் மகா மட்டம். ஒருவரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் பல் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “மணிமங்கலத்துல ஒருத்தர்கிட்ட கடைசி ரீல் இல்லாத படம் ஒண்ணு கீதாம்.”

அந்த வார லீவுக்கு ஊருக்குப் போக எடுத்திருந்த பஸ் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, வண்டிக்குப் பெட்ரோல் போட்டேன்.