கூப்பிடுவார்கள் என்று நடந்தேன்

பாத்திரக் கடைக்காரனைச் சட்டமன்ற உறுப்பினராக்குவது எளிது. ஊர் சேர்ந்து ஓட்டுப் போட்டால் போதும். அவனுக்குள் உட்கார்ந்திருக்கும் கடைக்காரனை எழுப்பி வெளியே அனுப்புவதுதான் கஷ்டம். என்னுடையவன் இன்று வரை போகவில்லை.

புதுவாயல் கூட்ரோட்டில் என் கடை. குடம், குக்கர், கல்யாணச் சீர்வரிசை எல்லாம் கிடைக்கும். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் சம்பளம் போட்டால் அன்று கடையில் நிற்க இடமிருக்காது. முதலில் சொன்ன விலைக்கு எவரும் ஒத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் எங்கள் கடைத்தெருவின் அரசியல் சட்டம். வாங்க வந்தவர், “கட்டுப்படியாகாது” என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவார். வேண்டுமென்றே மெதுவாக நடப்பார். நான் கல்லாவிலிருந்து, “யக்கா, கோச்சிக்கினு போனா எப்டி? வா இங்க!” என்பேன். வியாபாரம் படிந்துவிடும். அப்படி இறங்கிப் போன ஒருவரையும் நான் கூப்பிடாமல் விட்டதில்லை. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போனது இதனால்தான்.)

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு தேர்தலில் நின்றேன், ஜெயித்தேன். கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பஸ். உள்ளே இருக்கும் கிராமங்களிலிருந்து புதுவாயலுக்குக் காலையில் வர, சாயங்காலம் திரும்பிப் போக. ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். வேலை முடிய நேரமானால் ஆட்டோவும் இருக்காது, இருட்டில் நடைதான். அவர்களுக்கெல்லாம் வாயாக இருந்த கஸ்தூரி, நான் கோட்டைக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்.

“அண்ணே, வந்தா பஸ்ஸோட வா. வெறுங்கைய வீசிக்கினு வராத.”

“பஸ்ஸு வந்தாச்சுன்னு நெனச்சிக்கோ” என்றேன். எனக்கு அப்போது கர்வம் சட்டைப்பையில் கொள்ளாமல் வழிந்துகொண்டிருந்தது.

போக்குவரத்து அமைச்சர் மரியாதையாக உட்காரச் சொன்னார். பக்கத்துத் தொகுதி உறுப்பினர் ஒருவரும் தன் முறைக்காக அங்கே காத்திருந்தார். நான் மூன்று பஸ் கேட்டேன். (தேவை ஒன்று. எடுத்தவுடன் உண்மை விலையைச் சொல்கிறவன் கடை வைக்க லாயக்கில்லை.)

“மூணெல்லாம் முடியாதுங்க. ஒண்ணு தரேன். அடுத்த மாசத்துலேர்ந்து ஓடும்” என்றார் அமைச்சர்.

கேட்க வந்தது கிடைத்துவிட்டது. கும்பிடு போட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் உள்ளே இருந்தவன் விழித்துக்கொண்டான்.

“ஒண்ணு கட்டுப்படியாகாதுங்க ஐயா” என்று எழுந்தேன். படியிறங்குவது போலவே வெளியே நடந்தேன்.

அமைச்சர் திகைத்துப் பார்த்தார். ஆள் இளகுகிறார் என்று எனக்குப் பரம சந்தோஷம். தாழ்வாரத்தில் மெதுவாக நடந்தேன். செருப்பைச் சரி செய்தேன். தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்தேன். அறிவிப்புப் பலகையில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். யாரும் கூப்பிடவில்லை. மாடிப்படியருகே போனபோது, அமைச்சரின் உதவியாளர் ஓடிவருகிற சத்தம் கேட்டது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு திரும்பினேன்.

“சரி, ரெண்டா குடுக்கச் சொல்லுங்க. முடிச்சிக்கலாம்.”

“ஒண்ணுதான் சார் இருந்திச்சி” என்று, நான் அறையில் மறந்துவிட்டு வந்த குடையை நீட்டினார்.

“பஸ்ஸு?”

“உள்ள உக்காந்துனு இருந்தாரே, பக்கத்துத் தொகுதி சார், அவரு வாங்கிக்கினாரு. நீங்கதான் வேணாம்னுட்டீங்களாமே?”

ஊர் திரும்பினால் கூட்ரோட்டில் வாழைமரம் கட்டியிருக்கிறார்கள்! கஸ்தூரி கையில் சரவெடி.

“பஸ்ஸு இன்னா ஆச்சிண்ணே?”

“பேச்சுவார்த்தை போய்க்கினு இருக்கு” என்றேன். அவள் வெடியை மறுபடி பையில் வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து வந்த பெண்களோடு இருட்டில் நடந்து போனாள். தேர்தலில் தோற்றிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

என் மனைவி பத்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஏங்க, இத்தினி வருஷமா கல்லால உக்காந்துனு கூப்ட்டுனே இருந்தவரு நீங்க. நடக்கறது எங்க வேல. உங்களுக்கு இன்னா தெரியும் அதப் பத்தி?”

“கடக்காரன் கூப்புடலன்னா இன்னாதான் பண்ணுவீங்க?”

“இன்னா பண்றது? ஒரு சுத்து சுத்திட்டு, வெக்கத்த உட்டுட்டு அதே கடைக்கு வரவேண்டிதான்.”

மறுநாள் காலையில் அதே கடைக்குப் போனேன்.

“என்னங்க, இன்னைக்குக் கட்டுப்படியாகுதா?” என்றார் அமைச்சர்.

“ஆகுதுங்க ஐயா. நேத்து சொன்ன வெலைக்கே குடுத்துடுங்க.”

அறையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். வேறு வழி?

“பஸ் போயிடுச்சே” என்றார். இந்த இடத்தில்தான் கடைக்காரன் எனக்கு உதவினான். அந்த பஸ் எங்கள் கிராமங்களின் எல்லை வரை வந்துதான் திரும்பப்போகிறது, அதையே புதுவாயல் வரை நீட்டினால் புது வண்டியும் வேண்டாம், புது டிரைவரும் வேண்டாம், பக்கத்துத் தொகுதிக்காரருக்கும் நஷ்டமில்லை என்றேன். அமைச்சர் கொஞ்சம் யோசித்தார். தலையாட்டினார். உத்தரவு கைக்கு வரும்வரை நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. காபி குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

பஸ் வந்தது. கஸ்தூரி வெடித்த சரவெடியில் என் கடை போர்டில் ஓட்டை விழுந்தது. ஆனால் பத்மாவின் வாயை யார் மூடுவது? எங்கள் வீட்டில் இன்றும் யாராவது கோபித்துக்கொண்டு சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்தால், “மெதுவா நடங்க, கூப்டுவாங்க” என்பாள். கடைக்கு வருகிறவர்களிடமும் அவள் இதைச் சொல்ல, கதை ஊருக்கே போய்விட்டது.

அடுத்த தேர்தலில் தோற்றேன். முடிவு தெரிந்த அன்று சாயங்காலம் கட்சிக்காரர்கள் அவரவர் வழியில் கலைந்துவிட்டார்கள். காரும் போய்விட்டது. நான் மட்டும் ரோட்டோரமாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பஸ் பக்கத்தில் நின்றது. உள்ளே முழுக்கக் கம்பெனிப் பெண்கள். ஜன்னலில் கஸ்தூரியின் தலை.

“அண்ணே, எதுக்கு நடந்துனு கீற? அதான் கூப்டுறோம்ல, ஏறு!”