பொப்கோனுக்கு எவ்வளவு ஐயா கழிப்பீங்க?

இந்தக் கதையை நான் சொல்லாவிட்டாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். கஹவத்தை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே சொல்வார், அதுவும் நடித்துக் காட்டி. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் நானே எழுதிவிடுகிறேன். என் எடையையாவது சரியாகச் சொல்லலாம் பாருங்கள்.

எனக்குக் கொழுந்து நிறுக்கிற வேலை. பெண்கள் மலையிலிருந்து கொண்டுவரும் கொழுந்துச் சாக்கை மடுவத்தில் (நிறுக்கிற கொட்டகைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) தொங்குகிற தராசில் மாட்டுவேன். முள் நிற்கிற இடத்தைப் பார்த்து, சாக்குக்கும் ஈரத்துக்குமாக இரண்டு கிலோ கழித்து, மிச்சத்தைச் சத்தமாகச் சொல்வேன். அந்தக் கணக்குக்குத்தான் அவர்களுக்குக் கூலி. மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் ஈரத்துக்குக் கழிப்பேன். தோட்டத்து மேனேஜர் துரை கழிக்கச் சொன்னார், கழித்தேன், அவ்வளவுதான். பல வருஷம் இதையே செய்துகொண்டிருந்தால் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் தராசு முள்ளை வைத்தே யோசிக்கிற புத்தி வந்துவிடும். எனக்கு வந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பதவி உயர்வு வருகிற மாதிரி இருந்தது. வந்தால் குவாட்டஸ் என்று ஒரு தனி வீடு கிடைக்கும். லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டில் எங்களுக்குள்ள ஒற்றை அறை) மழை பெய்தால் கட்டிலுக்கு மேல் ஒரு சட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சட்டி என்று வைத்தே சலித்துப்போனவள் என் மனைவி செல்வி. குவாட்டஸ் ஜன்னலைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்து, அதற்குத் திரைத்துணியே வாங்கிவிட்டாள். நீலத்தில் வெள்ளைப் பூ.

குறுக்கே நின்றது மெடிக்கல். தோட்டத்துக்கு வருகிற டொக்டர் என் கையில் பட்டியைச் சுற்றி அமுக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். "பிரஷர் கூட. உடம்பும் கூட. ஒரு மாசம் தாறன், குறைச்சுக்கிட்டு வாங்க. கையெழுத்துப் போடுறன்" என்றார்.

என் உடம்புக்குக் காரணம் எனக்குத் தெரியும். சாயங்காலத் தேத்தண்ணியோடு போகிற வடையும் பேக்கரிப் பணிசும்தான். அவற்றை விட்டுவிட்டால் வாய் சும்மா இருக்குமா? கஹவத்தையில் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கடைக்குப் போனேன். பொப்கோன் பக்கெட்டுகள், அதாவது சோளப்பொரிப் பொட்டலங்கள், மாலை மாலையாகத் தொங்கின. பக்கெட்டின் மேலிருந்த படத்தில் ஒருவன் வேர்க்காமல் ஓடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பச்சை இலை.

"நானா, இது உடம்புக்கு நல்லதா?"

"சோளம்தானே தம்பி. வடையா பஜ்ஜியா?"

"நீங்க சாப்பிடுவீங்களா?"

"நான் விக்கிறவன்" என்றார் நானா. (அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

என் புத்தி சும்மா இருக்குமா? மறுநாள் மடுவத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு பக்கெட்டைத் தராசில் மாட்டினேன். முள் அசையவே இல்லை. இரண்டு மாட்டினேன். அப்போதும் அப்படியே நின்றது. முள்ளையே அசைக்காத பண்டம் என் உடம்பில் எப்படி ஏறும்? அன்றிலிருந்து காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, வீட்டுக்குப் போகிற வழியில் ஒன்று என்று தின்றேன். தாகம் எடுத்து எடுத்துக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். அதையும் ஆரோக்கியத்தின் அறிகுறி என்றே நினைத்தேன்.

"ஏங்க, எண்ணெ வடைய விட்டுட்டு எண்ணெப் பொரிய திங்கிறீங்களே. கையெல்லாம் உப்பு ஒட்டுது" என்றாள் செல்வி.

"சோளத்தப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்றேன். எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஒரு மாதம் முடிந்தது. எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள் என்று டொக்டர் அன்றைக்கு கிளினிக்கை மடுவத்திலேயே வைத்தார். வரிசையில் நாற்பது பெண்களாவது நின்றிருப்பார்கள், தலையில் சாக்கோடு. டொக்டரின் எடை மெஷினுக்குப் பெற்றி (பேட்டரி) செத்துப்போயிருந்தது. அவர் மேலே பார்த்தார். தராசு தொங்கியது.

"அதிலேயே நிறுக்கலாமே" என்றார்.

மறுக்க முடியுமா? கையெழுத்து அவர் கையில். கொக்கியில் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கித் தொங்கினேன். முள்ளை என்னால் பார்க்க முடியவில்லை. வரிசையில் முதலில் நின்ற ராசம்மா எட்டிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"எம்பத்தொம்போது!"

போன மாதத்தைவிட மூன்று கிலோ கூட.

"ஈரத்துக்கு ரெண்டு கழிங்க!" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சாக்குக்கு?"

"அடியில பூரா முத்தின எலை! திருப்பி அனுப்புங்க!"

எல்லாம் நான் அவர்களிடம் தினமும் சொல்கிற வார்த்தைகள். தொங்கிக்கொண்டிருக்கிறவனால் அதட்டவும் முடியாது. மானம் போன வேகத்தில் கையும் வழுக்கியது, கொழுந்துக் குவியலில் பொத்தென்று விழுந்தேன்.

பிரஷர் பார்த்தார். முன்னைவிடக் கூட. "தொங்கினதுல ஏறிருக்கும் டொக்டர்" என்று கெஞ்சினேன். நல்ல மனிதர், அரை மணித்தியாலம் சும்மா உட்காரச் சொன்னார். உட்கார்ந்த எனக்குப் படபடப்பு தாங்கவில்லை. பையிலிருந்து ஒரு பக்கெட்டை எடுத்துப் பிரித்தேன்.

"மேக்க மொகத்த?" (இது என்ன?) டொக்டருக்கு அதிர்ச்சியில் சிங்களம் வந்துவிட்டது.

"சோளம் டொக்டர். வடை எல்லாம் விட்டுட்டேன். இது மட்டுந்தான்."

பக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். "சோளத்தில பிழை இல்ல. வீட்டில வெறும் சட்டியில பொரிச்சு, உப்புப் போடாம ஒரு கை சாப்பிட்டா நல்லதுதான். இதில எண்ணெ, உப்பு, பட்டர் வாசம் எல்லாம் இருக்கே. உங்கட பிரஷருக்கு இந்த உப்பு ஆகவே ஆகாது. ஒரு நாளைக்கு எத்தனை?"

நாலு பக்கெட் தின்கிறவன் நான். வாய் தானாக இரண்டைக் கழித்தது.

"ரெண்டு" என்றேன்.

"டொக்டர் மாத்தயா," என்றாள் ராசம்மா, "அவரு கழிச்சுச் சொல்றாரு!"

மடுவமே சிரித்தது. டொக்டரும் சிரித்தார், ஆனால் அரை மணி போய் மறுபடி பார்த்தபோதும் பிரஷர் இறங்கியிருக்கவில்லை. மாத்திரை எழுதித் தந்தார், கையெழுத்துப் போடவில்லை. பதவி தோட்டத்தின் கீழ்ப்பிரிவு ஆள் ஒருவனுக்குப் போயிற்று, குவாட்டசும் அவனோடு போயிற்று. அன்றிரவு செல்வி நீலத் திரைத்துணியை அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடினாள். எனக்கு அழுகை வந்தது. உப்பு வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

அதன்பிறகு வெயில் நாளில் நான் "ரெண்டு கழிச்சு" என்று வாயைத் திறந்தாலே வரிசை மொத்தமும் "பொப்கோனுக்கா ஐயா?" என்று கேட்கிறது. எப்படிக் கழிப்பது? வெயில் நாளில் ஈரத்துக்குக் கழிப்பதை விட்டுவிட்டேன். துரை கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். "ஈரம் இல்லைங்க" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே இந்த ஜென்மத்தில் எனக்குக் குவாட்டஸ் இல்லை என்று விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் அப்படியே சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாமல் இருந்த நீலத் துணியை எடுத்தாள். எங்கள் காம்பரா ஜன்னலுக்குப் பிடித்துப் பார்த்தாள். தரைவரை தொங்கியது. கத்தரியால் வெட்டி, ஓரம் தைத்து, மாட்டிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தாள்.

"ரெண்டடி கழிச்சிட்டேன்" என்றாள்.