எல்லோருக்கும் பங்கு

திருச்சி ஜில்லாவில் அவன் 'பங்கு' என்று கூப்பிடாத ஜீவன் கிடையாது. பஸ் கண்டக்டர், பல் டாக்டர், வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரர், ஸ்ரீரங்கத்தில் எதிரே வந்த கோயில் யானை, எல்லோரும் அவனுக்குப் பங்குதான். பங்காளி என்பதன் சுருக்கம். பதிலுக்கு ஊரும் அவனை அப்படியே அழைத்ததால், சொந்தப் பெயர் ஆதார் அட்டையோடு நின்றுவிட்டது.

கே.கே. நகரில் ஒரு பேக்கரி மாடியில், மேசைக் கணக்கில் வாடகைக்கு விடும் அலுவலகம் உண்டு. ஸ்ரீரங்கத்து வீதிகளின் வரலாற்றை எழுத அங்கே ஒரு மேசை பிடித்திருந்தேன். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் அடுத்த மேசைக்கு அவன் வந்தான். அன்றோடு வரலாறு நின்றது.

பச்சைமலைக்குச் சரக்கு ஏற்றிப் போகும் வண்டிகள் காலியாகத்தான் திரும்பும். மலை விவசாயி ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், அந்த வண்டியிலேயே அவருடைய மரவள்ளி கீழே இறங்கிவிட வேண்டும். இதுதான் அவனுடைய கம்பெனி. பொங்கலுக்குள் முதலீடு கிடைக்காவிட்டால், அதை மூடிவிட்டு, அத்தான் பார்த்து வைத்திருக்கும் துபாய் வேலைக்குப் போவதாக வீட்டில் சத்தியம் செய்திருந்தான்.

ஆகவே கண்ணில் பட்டவரிடமெல்லாம் முதலீடு கேட்டான். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே கேட்டான். அவர் இன்னும் அகலமாகத் திறக்கச் சொன்னார். லால்குடியில் ஒரு ரைஸ் மில் முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வட்டி என்ன தருவே?" என்றார்.

"வட்டியெல்லாம் கிடையாதுங்க. கம்பெனி முழுகினா உங்க காசும் முழுகிடும்."

அவர் காபி வாங்கிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்து, ஏற்றிவிட்டுத்தான் போனார். அடுத்த வியாழக்கிழமை இவன் திரும்பவும் அங்கே போய் நின்றான்.

மார்கழி பிறந்த வாரத்தில் சென்னையிலிருந்து ஒரு முதலீட்டாளர் அம்மா வந்தார். புதுக் கம்பெனிகளில் பணம் போடுவதே அவர் தொழில். மேலே வருமுன் கீழே விசாரித்திருக்கிறார். டீ மாஸ்டர், "நான் அவருக்குப் பங்கு மேடம்" என்றாராம். வாட்ச்மேனும் அதையே சொல்லியிருக்கிறார். லோடு வண்டி டிரைவர் ஒருவர், "நாங்க ரொம்ப நாள் பங்கு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மா உட்காரக்கூட இல்லை. "உங்களுக்கு மொத்தம் எத்தனை பங்கு இருக்காங்க?"

"கணக்கே இல்லைங்க. லாரி ஷெட்டுல வந்து பாருங்க, இன்னும் நிறைய இருக்காங்க."

அவர் பையை மாட்டிக்கொண்டார். நான் குறுக்கே போய், இந்தச் சொல் ஊர்ப் பேச்சில் எப்படிப் புழங்குகிறது என்று விளக்கினேன். சிரித்தார்; ஆனால் பிடி தளரவில்லை. நாளைக்கு லாபம் வந்தால் இவர்களில் ஒருவர் கோர்ட்டுக்குப் போகலாமே? கம்பெனியில் பங்கு இல்லையென்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கி வந்தால் பணம் போடுவதாகச் சொல்லிப் போனார்.

யானையிடம்கூடக் கூச்சப்படாதவன் அன்றைக்குத்தான் கூச்சப்பட்டு உட்கார்ந்துவிட்டான். "அவங்ககிட்ட போய் நீ பங்கு இல்லைன்னு எழுதிக்குடுன்னு எப்படிங்க கேப்பேன்?"

துபாயை நினைவுபடுத்தினேன். எழுந்து சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, பேப்பர்களோடு இறங்கினான். முதலில் டீக்கடை. மாஸ்டர் ஈரக்கையைத் துடைத்து, முழுக்கப் படித்து, கையெழுத்துப் போட்டார்.

"எழுதிக் குடுத்துட்டா இல்லாம போயிடுமா பங்கு? டீ சாப்பிட்டுப் போ."

அதன்பிறகு அவன் எங்கும் தயங்கவில்லை. லாரி ஷெட்டில் வரிசையில் நின்று போட்டுக் கொடுத்தார்கள். போகிக்கு முந்தின நாள் பணம் வந்தது. வீட்டில் துபாய்ப் பேச்சு நின்றது.

இப்போது அவன் பாதி வாரம் மலையில்தான் இருக்கிறான். பச்சைமலைப் பக்கம் கனமழை என்று செய்தி வரும் நாட்களில், அவன் கீழே இறங்கிவிட்டானா என்று கேட்டுக்கொள்ளாமல் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.