ஆதிமூலம் வந்தால் ஒழுகும் வீடு

உதுமான் பாய் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவது. யார் தடுத்தாலும் கேட்பதில்லை. அவரைத் தடுக்கக்கூடியவர் பாகூரிலேயே ஒருவர்தான். அவருடைய மனைவி நசீரா.

கடைத்தெருவில் அவருக்கு எண்ணெய்க் கடை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம் அது. குடியிருந்த வீட்டை ஒரு தினுசான ஒப்பந்தத்தில் பிடித்திருந்தார். ஐந்து வருஷம் தவறாமல் வாடகை கொடுத்தால் வீடு அவருக்கே சொந்தம். ஒரு மாதம் தவறினாலும் அதுவரை கொடுத்தது வெறும் வாடகையாகிவிடும். மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மராமத்து முழுவதும் குடியிருப்பவர் தலையில். வீட்டுக்காரர் ஆதிமூலம் செலியமேட்டில் நிலபுலத்தோடு இருந்தவர். மாதாமாதம் அவரே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாடகை வாங்கிப் போவார்.

ஐந்து வருஷம் முடிய இன்னும் இரண்டு மாதம்.

"இப்ப இன்னாத்துக்குங்க சுண்ணாம்பு?" என்றாள் நசீரா.

"ஆதிமூலம் வர்றாரு. வூட்டைப் பாத்து ரெண்டு வார்த்தை நல்லதா சொல்ல வேணாமா?"

"சொன்னா இன்னா, சொல்லலன்னா இன்னா?"

"போன மாசம் கூடத்துல ஆட்டைக் கட்டி வெச்ச. அது அவரு துண்டைத் தின்னுச்சு."

"முழுசாவா தின்னுச்சு? ஓரத்தைத்தானே."

"எனக்கு மானம் போச்சு."

"வூடு போவாம இருந்தா சரி. நமக்கு முன்னாடி இங்க இருந்த இருசப்பன் கதை தெரியுமில்ல? புது ஓடு மாத்துனாரு, செவுரு பூசுனாரு. ஆதிமூலத்துக்கு வூட்டு மேல ஆசை வந்துடுச்சு. கடைசி மாச வாடகையை இருசப்பன் எடுத்துக்கிட்டுப் போனா, இந்த ஆதிமூலம் நாலு வயலைத் தாண்டி இங்கிலீசுக்காரன் எல்லையில மச்சான் வூட்ல போயி ஒக்காந்துக்கினாரு. மாசம் முடிஞ்சப்புறம் வந்து, தவணை தப்பிப்போச்சுன்னு தொரத்திட்டாரு."

"இருசப்பன் வெவரம் இல்லாதவன். நான் வியாபாரி. மூஞ்சைப் பாத்தே ஆளை எடை போட்டுருவேன்."

"ஆமா ஆமா" என்றாள் நசீரா.

இந்த 'ஆமா ஆமா'வை மட்டும் அவர் ஒருநாளும் எடை போட்டுப் பார்த்ததில்லை.

சுண்ணாம்பு அடிக்க வந்த செல்லப்பன், அவர் கடைக்குப் போன நேரத்தில் வாளியோடு திரும்பிப் போய்விட்டான். மழை விட்டதும் வரச் சொன்னாளாம் நசீரா.

வியாழன் ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. வீட்டுக்குள் ஒரு பொட்டு ஈரமில்லை. வெள்ளி காலையில் வெறும் தூறல். ஆதிமூலம் வந்து கூடத்துப் பலகையில் உட்கார்ந்தார். உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. நகர்ந்தார். அங்கே இரண்டு சொட்டு. எழுந்து நின்றார். சட்டைக்குள்ளேயே இறங்கியது.

"இன்னா பாய், வூட்டுக்குள்ளயும் கொடை புடிக்கணும் போலக்கீதே?"

உதுமான் பாய் கூரையை அண்ணாந்து பார்த்தார். ராத்திரி பெய்த பேய்மழைக்கு அசையாத ஓடு, இந்தத் தூறலுக்கு ஒழுகுகிறது. ஓட்டுக்குக் கூடவா ஆள் தெரியும்?

வேற்று ஆண்கள் எதிரில் நசீரா வரமாட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து புருஷனிடம் பேசுவாள். வந்தவர் காதில் அது தெளிவாக விழும்.

"ஏங்க, ஐயாவை அந்த மூலைக்கு மட்டும் போவ வேணாம்னு சொல்லுங்க. பாம்பு பூந்தது அங்கதான்."

ஆதிமூலம் பலகை மேல் ஏறிக்கொண்டார். ஏறினவர் தலையில் மறுபடி சொட்டியது.

உதுமான் பாய் உடைந்துபோனார். "ஐயா, வெக்கமா இருக்குது. இத்தினி வருசம் கட்டுனது கட்டுனதாவே போவட்டும். இந்த வூடு எனக்கு வேணாம். காலி பண்ணிடறேன்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை. அவருக்கு நடிக்கத் தெரியாது.

ஆதிமூலம் கூரையைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். இவர் போனால் ஒழுகுகிற கூரையின் மராமத்தும் பாம்பும் தம் தலையில்தான் விழும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"அவசரப்படாதீங்க பாய். நான் வாக்கு மாறாதவன். திங்கக்கிழமையே புதுச்சேரிக்குப் போயி பத்திரம் எழுதுற நொத்தேர் முன்னாடி எல்லாத்தையும் முடிச்சுடலாம்."

"வேணாங்க."

"பாக்கி ரெண்டு மாச வாடகையை வுட்டுடறேன்."

"வேணவே வேணாங்க."

கதவுக்குப் பின்னால் குரல் தழைந்தது. "ஏங்க, ஐயா இவ்ளோ சொல்றாரே. எனக்குப் பழகிப்போன வூடு."

"அப்டின்னா ஒம் பேர்லயே எழுதிக்க. இந்த ஒழுகல் வூட்ல எம் பேரு வேணாம்."

"உங்க இஷ்டங்க" என்றாள் நசீரா.

திங்கட்கிழமை நொத்தேர் பத்திரத்தை முடித்துக் கொடுத்தார். ஆதிமூலம் தப்பித்தோம் என்று கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் மழை பிடித்தது. உதுமான் பாய் அடுக்களையிலிருந்த குண்டான், தவலை எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பிவிட்டுக் காத்திருந்தார். ஒரு சொட்டு விழவில்லை.

நசீரா துறட்டிக் கழியைக் கொண்டுவந்து காட்டினாள். "அவரு வர்றதுக்கு முன்னாடி இதால ரெண்டு ஓட்டை நவுத்துனேன். போனப்புறம் பழையபடி தள்ளி வெச்சுட்டேன்."

"பாம்பு?"

"அது இருசப்பன் காலத்துல பூந்தது. எப்ப பூந்துச்சுன்னு அவரு கேக்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அவரு முன்னாடி அப்டி அழுதிருப்பீங்களா?"

உதுமான் பாய் யோசித்தார். அழுதிருக்க முடியாது. சிரித்தே காரியத்தைக் கெடுத்திருப்பார். புது ஓடு போட்டவன் இழந்த வீட்டை, இருந்த ஓட்டை நகர்த்தியே பிடித்துவிட்டாளே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இப்படி ஒரு மூளை எண்ணெய்க் கடையில் உட்கார்ந்திருந்தால் பாகூரையே வாங்கியிருக்கலாம்.

சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டார்.

"எப்டியோ, பாகூர்ல எனக்கும் ஒரு வூடு ஆச்சு."

நசீரா குண்டான்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

"எம் பேர்லதாங்க பத்திரம். அதுக்காக நீங்க வேத்தாளா? உங்க பாட்டுக்கு இருங்க. வாடகை எல்லாம் கேக்க மாட்டேன்."