கொப்பளிக்க ஒரு பிடி கல்லுப்பு

உவர்க்கோட்டை நாட்டுக்கு மூன்று பக்கமும் கடல். உப்புக்குப் பஞ்சமே கிடையாது. அதுதான் அரசரை உறுத்தியது. மலிவாகக் கிடைப்பதில் நாட்டுக்கு என்ன பெருமை? கல்லுப்பு நாகரிகமற்றது என்று தடை போட்டார். இனி எல்லோருக்கும் மலையிலிருந்து வரும் ரோஜா நிற இந்துப்புதான். மலை யாருடையது என்று மட்டும் கேட்காதீர்கள். அரசரின் மைத்துனருக்குப் பிடிக்காது.

கருவாடு போட்டுப் பிழைக்கும் செல்லக்கனியின் தலையில் இடி விழுந்தது. கூடை கூடையாகச் சாளை மீன் கிடக்கிறது. ரேஷனில் கிடைத்ததோ ஒரு சிட்டிகை இந்துப்பு. மீன் நாறத் தொடங்கியது. போய் முறையிட்டாள்.

உடனே அடுத்த ஆணை வந்தது: ‘இது நாற்றமல்ல, தேச மணம். மூக்கைப் பொத்துவது குற்றம்.’

மிச்சமிருந்தது ஒரே கூடை நல்ல மீன். அதற்கென்று அடுப்படியில் ஒரு சின்ன மூட்டை கல்லுப்பைப் புதைத்து வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கடற்கரையில் இந்துப்பு வெற்றி விழா. அரசர் மேடையேறி வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது!

“கல்லுப்பு போட்ட வெந்நீரில் கொப்பளிக்க வேண்டும்” என்றார் வைத்தியர்.

“இந்துப்பு ஆகாதா?” என்றார் உப்புத்துறை அமைச்சர்.

“ஐயையோ, அது ஜனங்களுக்கு! பாதி செங்கல் தூள்.”

கருவாட்டுக்காரி வீட்டில் கல்லுப்பு இல்லாமலா போகும்? அமைச்சர் செல்லக்கனி வீட்டுக் கொல்லைப்புறமாக வந்து நின்றார். “அம்மா, ஒரு பிடி கல்லுப்பு…”

“அது குத்தமாச்சே அண்ணாச்சி! நீங்கதான தண்டோரா போட்டிய?”

“நாட்டின் குரலே ஆபத்தில் இருக்கிறது!”

“எம் மீனும் ஆபத்துலதான் கெடக்கு. தடைய எடுப்பியளா?”

“குரல் திரும்பியதும் அரசரின் முதல் அறிவிப்பே அதுதான். இது சத்தியம்!”

செல்லக்கனி கூடையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அடுப்படியைத் தோண்டினாள். ஒரு பிடி கேட்டவர் மூட்டையோடு வாங்கிக்கொண்டு போனார்.

பின்னாலேயே அவளும் ஓடினாள். அரசர் கொப்பளித்தார், துப்பினார், கர்ஜித்தார்:

“என் மக்களே! என் குரலை மீட்டுத் தந்தது நமது இந்துப்பு! இனி கல்லுப்பைப் பதுக்குவோருக்குச் சிறை!”

மூக்கைப் பொத்த வழியில்லாத கூட்டம், சும்மா இருந்த கைகளைத் தட்டியது.

செல்லக்கனியின் இரண்டு பக்கமும் காவலர் வந்து நின்றார்கள்.

“அண்ணாச்சி, சத்தியம் பண்ணுனியளே!”

அமைச்சர் மேடையிலிருந்து பார்வையை எடுக்காமல் அவள் பக்கம் குனிந்தார்.

“கைதட்டும்மா. நீ கொடுத்த குரல்தானே.”