ஞாயிறு மாலை ஆறு மணிக்கு விழா

ஜீப்பின் பின்சக்கரங்கள் இரண்டும் ஓடைச் சேற்றில் பாதிக்கு மேல் இறங்கியபோது சனிக்கிழமை பிற்பகல் மணி ஒன்றரை. கருணாகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். இன்னும் இருபத்தெட்டரை மணி நேரம் இருந்தது.

"சிலம்பரசா, நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் நெய்வேலியில நிக்கணும். ஞாபகம் இருக்குல்ல?"

"மறக்க முடியுங்களா? புதன்கிழமையில இருந்து அதையேதான் சொல்லிக்கினு இருக்கீங்க" என்றான் சிலம்பரசன்.

நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து ஊர்க்காரன். சொந்தமாக ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வைத்திருந்தான். ஆசைப்படுகிறவர்களை மேற்கே மலைக்காட்டுக்குள் கூட்டிப்போய், கூடாரம் அடித்துத் தங்கவைத்து, சமைத்துப் போட்டு, திரும்ப வீட்டு வாசலில் இறக்கிவிடுவது அவன் தொழில்.

கருணாகரன் ஆசைப்பட்டு வந்தவர் அல்லர். அவருடைய ஆசையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி விழாவில் இருந்தது. முப்பத்தாறு வருடம் மைன்ஸில் உழைத்து, ஃபோர்மேனாகப் போன மாதம் ரிடையர் ஆனவர். அவருடைய செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. ரிடையர் ஆகிறவருக்கு ஆளுக்கொரு மாலை போட்டு, திறந்த ஜீப்பில் நிற்கவைத்து, மேளம் அடித்து, வெடி போட்டு, மைன்ஸ் கேட்டிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசல் வரை ஊர்வலமாகக் கொண்டுவந்து விடுவார்கள். பிளாக்கே வாசலில் நின்று பார்க்கும். கருணாகரன் இப்படி நாற்பது பேரை அனுப்பி வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாலையைப் போடும்போதும் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டவர்.

அவருடைய நேரம், கடைசி நாளன்று கொட்டுகொட்டென்று மழை. பள்ளத்துக்குள் கன்வேயர் பெல்ட் அறுந்து, செக்‌ஷன் முழுவதும் கீழே இறங்கிவிட்டது. ஜூனியர் சிவக்குமார் மட்டும் ஓடுகிற ஓட்டத்தில், "அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம் சார், சாயங்காலமா!" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தமக்குத் தெரியாமல் பெரிதாக ஏதோ ஏற்பாடு செய்கிறார்கள் என்று கருணாகரன் புரிந்துகொண்டார்.

இந்த நேரம் பார்த்து, மகளிர் சங்கக் குலுக்கலில் தனபாக்கியத்துக்கு முதல் பரிசு விழுந்தது. ஒரு பிளாஸ்டிக் வாளிகூட விழாத மனைவிக்கு, நான்கு நாள் காட்டுப் பயணம்!

"தேதியை மாத்த முடியாதாம்ங்க. சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம்" என்றாள் தனபாக்கியம்.

வந்த இடத்தில் மூன்று நாளாக மழை, வழுக்குப்பாறை, பாதி வெந்த சோறு. கான்ட்ராக்டாக வந்து காலில் பர்மனென்ட் ஆகிவிட்ட அட்டைகள். எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத்தான்.

"தண்ணி வடியட்டும்ங்கய்யா. காலையில எடுத்துரலாம்" என்றான் சிலம்பரசன்.

"வடியறதா? ஆயிரம் டன் மெஷினையே சேத்துல இருந்து ஏத்தினவன்டா நான். கூடாரத்துக் கம்பையெல்லாம் எடு. சக்கரத்துக்கு அடியில குடுப்போம்."

சிலம்பரசன் தனபாக்கியத்தைப் பார்த்தான்.

"அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள்.

முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இந்த வாக்கியத்தைக் கருணாகரன் முதல் தடவையாகக் கேட்டார். நெஞ்சு நிமிர்ந்தது. கம்புகளை அடுக்கினார். "எடு வண்டியை!" என்று கையசைத்தார். எட்டுக் கம்பும் வரிசையாக முறிந்தன. சக்கரம் இன்னும் ஒரு சாண் இறங்கியது. கூடாரம் இல்லாமல் போனதால் மூவரும் ஜீப்புக்குள் உட்கார்ந்தபடியே விடியும்வரை மழையைக் கேட்டார்கள்.

ஞாயிறு காலையில் அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. டயர்க் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கிடைக்கும். குறைத்தார். நம்ப முடியாத விஷயம், ஜீப் உறுமிக்கொண்டு கரையேறிவிட்டது.

"பாத்தியா? இப்ப பம்பை எடு, காத்தடி."

பம்பு இல்லை.

"மூட்டை வைக்க இடம் இல்லைன்னு முந்தாநாள் அதை எடுத்துப் பாறை மேல வச்சேன். அங்கயே விட்டுட்டேன் போலிருக்கு" என்றாள் தனபாக்கியம்.

கருணாகரன் கண்ணை மூடிக்கொண்டார். மைன்ஸாக இருந்தால் இதற்கு மெமோ. ஹெல்மெட் வாரைக் கட்டாதவனுக்கு மெமோ, மூணாவது ஷிஃப்டில் கண்ணயர்ந்தவனுக்கு மெமோ என்று எழுதி எழுதியே கையெழுத்து தேய்ந்தவர் அவர். ஆனால் ஒன்று. அவருடைய ஷிஃப்டில் பதினோரு வருடமாக ஒருத்தனுக்கும் நகக்கண்ணில்கூட அடிபட்டதில்லை. அந்த அருமை அவனவன் பெண்டாட்டிக்குத் தெரியும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை.

தொய்ந்த டயரில் ஜீப் மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தது. இப்படிப் போனால் ஆறு மணிக்கு மலையடிவாரத்தைத்தான் தொடலாம். விழாவைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டால்? சிக்னல் தேடி ஒரு குன்றின்மேல் ஏறினார். இரண்டு தடவை விழுந்தார். உச்சியில் சிக்னல் இருந்தது. ஃபோனில்தான் சார்ஜ் இல்லை. ராத்திரி முழுவதும் தனபாக்கியம் அதில் டார்ச் அடித்திருந்தாள். மிச்சம் இரண்டு சதவீதம்.

"சிவக்குமார்! கருணாகரன் பேசறேன்பா. காட்டுல மாட்டிக்கிட்டேன். விழாவை ஒன்பது மணிக்குத் தள்ளி வை. எல்லாரையும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."



"சார்..." என்றான் சிவக்குமார், நெடுநேரம் கழித்து. "சார், அது வந்து..."

ஃபோன் அணைந்தது.

கீழே இறங்கி வந்தவரின் கண் கலங்கியிருந்தது. "பாவம், பயலுக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. பேச்சே வரலை. எவ்வளவு ஆசையா ஏற்பாடு பண்ணியிருந்தா இப்படி இருக்கும்!"

தனபாக்கியம் வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்குப் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் என்றான் சிலம்பரசன். கருணாகரன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். நெய்வேலி கிழக்கே இருக்கிறது, கிழக்கு இடது பக்கம் இருக்கிறது, ஆகவே இடது பக்கம் என்றார். வழிகாட்டி மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டரை மணி நேரம் கிழக்கே போனார்கள். பாதை வளைந்து வளைந்து இறங்கி, ஓர் ஓடைக்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. கரையோரச் சேற்றில் எட்டுக் கம்பு முறிந்து கிடந்தது.

பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? வந்த வழியே திரும்பி, வலது பக்கம் பிடித்து, நாலு மணிக்கு ஒரு திருப்பத்தில் வந்தால், நட்டநடுப் பாதையில் ஒற்றை யானை. சிலம்பரசன் இன்ஜினை அணைத்தான். யானை மூங்கிலை ஒடித்துத் தின்றது. நிதானமாகத் தின்றது. அதற்கு மெமோ கொடுக்க முடியாது.

நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. ஐந்தே முக்காலுக்குக் கருணாகரன் பையைத் திறந்தார். விழாவுக்கென்று வாங்கிய பட்டுக்கரை வேட்டியை, நேராக மைன்ஸ் கேட்டுக்கே போகும்படி ஆகிவிட்டால் வேண்டும் என்று கையோடு கொண்டுவந்திருந்தார். ஜீப்புக்குள்ளேயே உட்கார்ந்தபடி எப்படியோ அதைக் கட்டிக்கொண்டார். விழாவில் படிக்க எழுதி, நாலாக மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்தார். சரியாக ஆறு மணிக்கு, பின்பக்கப் படுதாவை விலக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் தனபாக்கியம் கிசுகிசுப்பாக.

"நேரம் ஆயிடுச்சு" என்றார்.

யானைக்குக் கேட்காத குரலில் படித்தார். "என் அன்புச் சகோதரர்களே. உங்களுக்கெல்லாம் நான் நிறைய மெமோ குடுத்திருக்கேன். என்னைத் திட்டியிருப்பீங்க. திட்டினா பரவாயில்லை. ஷிஃப்ட் முடிஞ்சு நீங்க எல்லாரும் கையும் காலுமா முழுசா வீடு போய்ச் சேரணும், அதைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது. இன்னிக்கு இத்தனை மாலை போட்டீங்க. எனக்கு அது போதும்."

மாலை என்ற இடத்தில் குரல் உடைந்தது. தனபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இத்தனை அழுகைக்கு உரையில் என்ன இருக்கிறது என்று அவருக்கே ஆச்சரியமாகப் போயிற்று. சிலம்பரசன் தன்னை மறந்து படபடவென்று கைதட்டிவிட்டான்.

யானை திரும்பிப் பார்த்தது. இதையெல்லாம் உட்கார்ந்து கேட்க அதற்குத் தலையெழுத்தா? மூங்கிலைப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கிப் போனது. இரண்டு மணி நேரமாக அடைத்திருந்த வழி ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் திறந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப் டவுன்ஷிப்புக்குள் நுழைந்தது. வழியெல்லாம் கருணாகரனின் மனக்கண்ணில் ஒரே காட்சி. மைன்ஸ் கேட்டில் நிற்கும் திறந்த ஜீப், உட்கார்ந்துவிட்ட மேளக்காரர்கள், கூடைக்குள் வாடும் மாலைகள், ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் சிவக்குமார். செக்‌ஷன் ஆள் அன்புச்செல்வன் பைக்கில் எதிரே வந்தான். கையைப் பாதி தூக்கிவிட்டு, நிற்காமல் போய்விட்டான்.

"கோவம். நியாயமான கோவம்தான். அத்தனை பேரையும் காக்க வச்சுட்டேனே, இனிமே எந்த மூஞ்சியோட அந்தப் பக்கம் போவேன்?" என்றார் கருணாகரன்.

குவார்ட்டர்ஸ் வாசலில் இறங்கினார்கள். தனபாக்கியம் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். இதற்காகவே காத்திருந்தவர்போல் அவர் சிலம்பரசன் பக்கம் திரும்பினார். இரண்டு நாள் துக்கமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"நீயெல்லாம் ஒரு கைடா? பாதை தெரியுமா உனக்கு? தெரிஞ்சே போய்ச் சேத்துல விட்டே. இடது பக்கம்னு நான் சொன்னா, வேணாம்னு சொல்ல வாய் இல்லை. முப்பத்தாறு வருஷம் நான் காத்துக்கிட்டு இருந்த ஒரு நாள்டா அது! உன்னை விடமாட்டேன். ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு எழுதுவேன். உன் பர்மிட்டைக் கேன்சல் பண்ண வைக்கிறேனா இல்லையா பாரு."

சிலம்பரசனின் முகம் வெளுத்தது. பர்மிட் போனால் ஜீப்பை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? திறந்திருந்த கதவை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். கிட்டே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"குலுக்கலும் இல்ல, பரிசும் இல்லீங்கய்யா, அம்மா ஒங்க செக்‌ஷன் ஆளுங்க வூடு ஒண்ணு விடாம ஏறி எறங்கிக் கேட்டுப் பாத்துட்டு, ஒருத்தரும் ஒத்த மாலைக்குக்கூட சொல்லி வைக்கலன்னு தெரிஞ்ச பொறவுதான் எங்கிட்ட வந்து, 'ஞாயித்துக்கெழம ஆறு மணி தாண்டற வரைக்கும் அவரக் காட்ட வுட்டு வெளிய கொண்டாராத தம்பி'ன்னு கையெடுத்துக் கும்புட்டாங்க."