கமென்ட்ரியின் பதினோரு ரன்

ஒரு பந்தைக்கூடக் கண்ணால் பார்க்காமல் ஒரு முழு பேஸ்பால் ஆட்டத்தை நேரடி வர்ணனை செய்யத் தெரிந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும் தெரியும். சான்டா கிளாராவிலிருந்து ஃப்ரீமான்ட் வரை இருந்த தமிழர் அத்தனை பேருக்கும் அவர் கமென்ட்ரி.

எண்பதுகளின் நடுப்பகுதி. கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுடைய வக்கீல்கள் இன்னும் பணியில் இருக்கக்கூடும். அந்தக் கல்லூரிக்கு ஒரு வானொலி நிலையம் இருந்தது. கேன்டீனுக்கு அடியில், நிலவறையில், பத்து வாட் சக்தியில் இயங்கியது. குபெர்டினோவில் தெளிவாகக் கேட்கும். ஃப்ரீமான்ட்டில் கேட்க வேண்டுமென்றால் ஆன்டெனாவில் அலுமினியத் தாளைச் சுற்றி, யாராவது ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்க வேண்டும். அந்த வேலை வழக்கமாக வீட்டு மாப்பிள்ளைகளுக்குப் போனது.

எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் எம்.எஸ். மாணவரான கமென்ட்ரி, டிரான்ஸ்மிட்டரைப் பழுது பார்க்கத்தான் அங்கே போனார். அன்று வழக்கமான அறிவிப்பாளருக்குப் பொன்னுக்கு வீங்கி. கையில் ஸ்க்ரூடிரைவருடன் மைக் முன்னால் உட்கார்ந்தவர் மூன்று வருடம் எழுந்திருக்கவில்லை.

ஊரில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர். அதையே பேஸ்பாலுக்கும் போட்டார். மேகம் எந்தப் பக்கம் போகிறது, கடற்பறவை எங்கே உட்கார்ந்தது, மூன்றாவது வரிசையில் இருக்கும் பெண்மணியின் ஸ்வெட்டர் என்ன நிறம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேர் அவுட்டாகியிருப்பார்கள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. எங்கள் கல்லூரி அணி இரண்டு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. கடற்பறவையைப் பற்றிக் கேட்பதுதான் எல்லோருக்கும் ஆறுதல்.

உணர்ச்சி மிகுந்தால் ஆங்கிலம் அவரைக் கைவிட்டுவிடும். “அடிச்சாம்பா! ஓடு, ஓடு, திரும்பிப் பாக்காதே!” என்று மைக்கில் அலறுவார். அமெரிக்க மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து மைதானத்தில் கூவினார்கள். ஃப்ரீமான்ட்டில் இருந்த ஒரு ஆன்ட்டி நிலையத்துக்கு ஃபோன் செய்வார்.

“ஏம்பா கமென்ட்ரி, அந்தப் பையன் பந்தை அடிக்காமலே நடந்து போறானாமே, ஏன்?”

“ஆன்ட்டி, நாலு பந்து தப்பா போட்டுட்டான். ஃப்ரீயா விட்டுட்டாங்க.”

“பாவம், நல்ல மனுஷங்க” என்பார் ஆன்ட்டி. இந்த உரையாடல் முழுவதும் ஒலிபரப்பாகும்.

வெளியூர் ஆட்டங்களில்தான் சிக்கல். அணிக்கு ஒரு பழைய பஸ் இருந்தது. அதில் அறிவிப்பாளருக்கு இடமில்லை. ஆனால் கமென்ட்ரியின் அறைத்தோழன் ஜோசப்புக்கு இடம் இருந்தது. பாளையங்கோட்டைக்காரன், பகுதிநேர வேலையாக அணியின் துண்டுகளையும் தண்ணீர்க் கேன்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள்.

அந்தக் காலத்தில் கலெக்ட் கால் என்று ஒன்று இருந்தது. ஆபரேட்டர் மூலம் கூப்பிட்டால், எடுக்கிறவர் ஒப்புக்கொண்டால்தான் இணைப்பு கிடைக்கும், கட்டணமும் எடுக்கிறவருக்குத்தான். மறுத்துவிட்டால் யாருக்கும் செலவில்லை. எந்த இந்திய மாணவனும் ஒப்புக்கொண்டதில்லை. பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்பதற்கு ஓர் அழைப்பு, மறுப்பு. செய்தி போய்ச் சேர்ந்துவிடும். பிற்காலத்தில் இந்தியா முழுவதும் மிஸ்டு கால் கொடுத்துப் பிழைத்ததே, அதற்கு முன்னோடிகள் நாங்கள்தான்.

நிலையத்தில் இரண்டு ஃபோன்கள். மைதானக் கழிப்பறைக்குப் பின்னாலிருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து ஜோசப் கலெக்ட் கால் போடுவான். சிவப்பு ஃபோனில் அழைப்பு வந்தால் நமக்கு ஒரு ரன். கறுப்பில் வந்தால் எதிரிக்கு ஒரு ரன். கமென்ட்ரி எடுத்து, ஆபரேட்டர் வாய் திறப்பதற்குள் “நோ, தேங்க் யூ” என்று வைத்துவிடுவார். மீதி எல்லாம் அவருடைய கற்பனை. சப்பாத்திக் குழவியால் மேஜையில் தட்டினால் மட்டை பந்தில் படும் ஓசை. கூட்டத்தின் இரைச்சலுக்கு ஒரு கேசட். குபெர்டினோவில் நடந்த பொங்கல் விழாவில் பதிவு செய்தது. ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் “சாம்பார் தீந்துடுச்சா?” என்று கேட்கும். எதிர் அணியின் ரசிகர்கள் ஏதோ கோஷம் போடுகிறார்கள் என்று அமெரிக்கர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மை தெரிந்தது தமிழர்களுக்கு மட்டும். காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை இரண்டு ஃபோனும் அடிக்கவே இல்லை. கமென்ட்ரி அசரவில்லை. இரு அணியும் பூஜ்யம், பந்துவீச்சாளர்களின் மகத்தான யுத்தம் என்று இரண்டரை மணி நேரம் தொண்டை கிழிய வர்ணித்தார். இளவெயில், தெளிந்த வானம், ஒரே ஒரு வெண்மேகம். மாலையில் பஸ் திரும்பியது. மழை கொட்டியதால் ஆட்டம் நடக்கவே இல்லையாம்.

“ஏல, மழைக்கு எந்த ஃபோன்ல அடிக்கச் சொன்ன?” என்று ஜோசப் கேட்டான். நியாயமான கேள்வி.

நிலையத்தின் மேலாளர் கேரல் என்ற இறுதியாண்டு மாணவி. சிரிப்பதற்கு முன் அனுமதி வாங்கிக்கொள்கிறவள். அன்றே தட்டச்சு செய்து ஒரு விதியைச் சுவரில் ஒட்டினாள். ஸ்டூடியோவிலிருந்து வர்ணிக்கும்போது, அந்த உண்மையை ஒவ்வோர் ஒலிபரப்பிலும் ஒருமுறை நேயர்களுக்கு அறிவிக்க வேண்டும். மீறினால் மைக் போய்விடும், நிரந்தரமாக.

கமென்ட்ரி முதல்முறையாகப் பயந்துபோனார். அவருக்கு அந்த நாட்டில் இருந்தது அந்த மைக் ஒன்றுதான். ஆய்வுக்கூடத்தில் பேராசிரியருக்கு அவர் பெயர் வாயில் நுழையவில்லை. வெளியே யாரும் அவரிடம் நின்று பேசியதில்லை. மைக் முன்னால் உட்கார்ந்தால் நாலு ஊர் கேட்டது.

“அறிவிச்சிடு, முடிஞ்சுது சோலி” என்றான் ஜோசப்.

“ஆரம்பத்துலயே பொய்னு சொல்லிட்டா எவன்டா கேப்பான்? ஒருமுறைன்னுதானே போட்டிருக்கா? சொல்றேன். மெதுவா சொல்றேன்.”

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

வசந்தகாலப் பருவத்தில் சேர நான் மெட்ராஸிலிருந்து கிளம்பினேன். கையில் ஒரு ஃபைல்: பாஸ்போர்ட், கல்லூரியின் அனுமதிக் கடிதம், நெஞ்சு எக்ஸ்ரே, எல்லாவற்றுக்கும் மும்மூன்று நகல். கூடவே, இந்திய மாணவர் சங்கத்தின் வரவேற்புப் பொறுப்பாளர் எனக்கு எழுதிய கடிதம். ‘இறங்கியதும் இந்த எண்ணுக்குக் கலெக்ட் கால் போடவும். ஒப்புக்கொண்டு, உடனே வந்து அழைத்துச் செல்வேன்.’ எண், நிலையத்தின் சிவப்பு ஃபோனுடையது. பொறுப்பாளர், கமென்ட்ரி.

அவர் தேதியைக் கணக்கிட்டிருந்தார். சனிக்கிழமை மெட்ராஸில் கிளம்புகிறவன் ஞாயிற்றுக்கிழமை வருவான். பசிபிக்கைத் தாண்டும்போது ஒரு நாள் திரும்பக் கிடைத்துவிடும் என்பதை, எலெக்ட்ரிகல் இன்ஜினியர் மறந்துவிட்டார். நான் சனிக்கிழமை கிளம்பி, சனிக்கிழமை பிற்பகலே சான்ஃபிரான்சிஸ்கோவில் வந்து நின்றேன். அதே நேரம் தூரத்து வெளியூர் ஒன்றில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆறாவது இன்னிங்ஸ்.

நான் கடிதத்தில் சொன்னபடி கலெக்ட் கால் போட்டேன்.

“நோ, தேங்க் யூ” என்றது ஒரு குரல். பின்னணியில் ஏதோ கல்யாணக் கூட்டம்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பின்னாளில் நிலையத்தின் பதிவு டேப்பில் கேட்டேன். அந்த வருடத்தில் முதல்முறையாகச் சிவப்பு ஃபோன் அடித்திருக்கிறது. கமென்ட்ரி ஃபோனை வைத்தார். பிறகு குழவி மேஜையில் இடி போல விழுந்தது. “அடிச்சாம்பா!”

நான் முறைப்படி நடப்பவன். நாட்குறிப்பில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஐந்து நிமிடம் காத்திருந்து, மறுபடி அழைத்தேன். இன்னொரு ரன். மறுபடி அழைத்தேன். என் வாழ்க்கையில் மட்டையைத் தொட்டதே இல்லை. அன்று யாராலும் என்னை அவுட் ஆக்க முடியவில்லை. நடுநடுவே எதிரணி ஆடும்போதும் சிவப்பு ஃபோன் அடித்தது. ஜோசப் கழிப்பறையைச் சுற்றி நடந்து வர நேரமாகிறது என்று கமென்ட்ரி அதற்கும் சமாதானம் கண்டுபிடித்து, முந்தைய இன்னிங்ஸில் சேர்த்துக்கொண்டார்.

ரன்களை அவர் நியாயமாகப் பங்கிட்டார். போன வாரம் கால் சுளுக்கியவனுக்கு ஒன்று. காதலி விட்டுப்போனவனுக்கு இரண்டு. கென்னி என்றொரு பையன், பிறந்ததிலிருந்து பந்தை அடித்ததில்லை. அவனுடைய அம்மா வாராவாரம் கேட்பாள் என்பதற்காக அவனுக்கு ஒரு ஹோம்ரன், நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி. கறுப்பு ஃபோன் ஒன்பது முறை அடித்திருந்தது. சிவப்பு, பதினொன்று. ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். கேன்டீனில் மாணவர்கள் மேஜைமேல் ஏறிவிட்டார்கள். ஃப்ரீமான்ட்டில் ஆன்ட்டி கேசரி கிளற ஆரம்பித்துவிட்டார்.

விமான நிலையத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு வாய்த்த ஆபரேட்டர் வயதான பெண்மணி. பதினோரு முறையும் அவளேதான்.

“கண்ணு, அந்த ஆள் மாட்டேன்னு சொல்றான். ஆனா சொல்லச் சொல்ல ரொம்ப சந்தோஷமாகிறான்” என்று அவளுடைய ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு அவளுடைய இலாகாவின் விதி ஒன்றை மீறினாள். பன்னிரண்டாவது முறை, அவர் எடுத்ததும் ஒரே மூச்சில் கத்தினாள்: “வைக்காதே! ஏர்போர்ட்டில் ஒரு பையன் இரண்டு பெட்டியோடு ஒரு மணி நேரமாக உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்!”

டேப்பில் அந்த இடத்தில் கமென்ட்ரியின் குரல் இல்லை. பொங்கல் கூட்டம் மட்டும் கேட்கிறது.

அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். இன்னும் மூன்றே பேர் அவுட்டானால் வெற்றி. முடித்துவிட்டு, நன்றி வணக்கம் சொல்லி, நாளைக்கு ஏதாவது சமாளித்திருக்கலாம். மழை ஆட்டத்தைச் சமாளித்தவர்தானே. பதினோரு ரன்னும் பொய் என்று சொன்னால் அத்தோடு மைக் இல்லை.

“சாம்பார் தீந்துடுச்சா?” என்றது கேசட்.

“நண்பர்களே,” என்றார் கமென்ட்ரி, நிதானமான ஆங்கிலத்தில். “நான் மைதானத்தில் இல்லை. கேன்டீனுக்குக் கீழே இருக்கிறேன். இன்று நாம் எடுத்த பதினோரு ரன்னையும் எடுத்தவன் சான்ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் அழுதுகொண்டு நிற்கிறான். உண்மையான ஸ்கோர் ஒன்பதுக்குப் பூஜ்யம். மிஸஸ் கென்னி, மன்னிக்கணும். நான் போய் அவனைக் கூட்டிட்டு வரணும்.” பிறகு தமிழில், “ஆன்ட்டி, கேசரியை நிறுத்தாதீங்க. பையன் பசியோட வருவான்.”

கேசட்டின் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். முக்கால் மணி நேரம் அந்த நிலையம் பொங்கல் விழாவை ஒலிபரப்பியது.

ஒரு பக்கக் கதவு திறக்காத காரில் வந்து இறங்கினார். ஒல்லி உருவம், சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர், கையில் இன்னும் சப்பாத்திக் குழவி. அடிக்கத்தான் வருகிறார் என்று ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“யோவ், நீதானா? ஒத்த ஆளா பதினோரு ரன்னு! அவுட்டே ஆக மாட்டேன்னுட்டியே!”

“சார், லெட்டர்ல போட்டிருந்தபடிதான் சார் கூப்பிட்டேன்.”

“ப்ரொசீஜர்படி கூப்பிட்டே. சரிதான். நீ நல்லா வருவே. பெட்டியைக் குடு.”

ஃப்ரீவேயில் அவர் பேசவே இல்லை. அது எவ்வளவு அபூர்வம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை விசாரணை. கேரலும் ஒரு பேராசிரியரும். நான் சாட்சி. முந்தைய நாள் முழுக்க நிலையத்தின் விதிகளைப் படித்திருந்தேன். எனக்கு அது ஒரு பொழுதுபோக்கு. என் நாட்குறிப்பை நீட்டினேன். பதினோரு நேரங்களும் டேப்பிலிருந்த பதினோரு ரன்களும் நிமிடம் தவறாமல் பொருந்தின.

“அவர் பொய் சொன்னார்” என்றாள் கேரல்.

“சுவரில் இருக்கும் விதி, ஒவ்வோர் ஒலிபரப்பிலும் ஒருமுறை அறிவிக்க வேண்டும் என்கிறது. எந்த இன்னிங்ஸில் என்று இல்லை. அவர் ஒன்பதாவதில் அறிவித்தார்” என்றேன் நான்.

“மைக்கை விட்டுவிட்டுப் போனார்!”

“முப்பது விநாடிக்குமேல் மௌனம் கூடாது என்பதுதான் விதி. மௌனம் ஒரு விநாடிகூட இல்லை. சாம்பார் கேட்டார்கள்.”

கேரல் தன் விதியைத் தானே மூன்று முறை படித்தாள். பிறகு, பேராசிரியரைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டு, சிரித்தாள். கமென்ட்ரிக்கு மைக் திரும்பக் கிடைத்தது. ஒரே நிபந்தனை: ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் உண்மையை நான் அறிவிக்க வேண்டும். அறிவித்தேன். கேட்பவர்கள் குறையவில்லை, கூடினார்கள். இப்போது எல்லோரும் சாம்பாருக்காகக் காத்திருந்தார்கள்.

அந்த விசாரணையில் தொடங்கிய என் தொழில், கம்பெனிகளின் விதிமுறைகளைச் சரிபார்ப்பது, முப்பது வருடம் எனக்குச் சோறு போட்டது. கமென்ட்ரி டெக்ஸாஸ் போனார். ஏதோ சிப் வடிவமைத்தார். நல்ல மௌனமான வேலை. ஆனால் ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை, பிற்பகலில், என் ஃபோன் ஒருமுறை அடித்து நிற்கும். நான் எடுப்பதில்லை. ஒரு ரன் என்று நாட்குறிப்பில் குறித்துக்கொள்வேன்.

இந்த வருடம் அடிக்கவில்லை. ஐந்து மணிவரை பார்த்தேன். ஜோசப்பைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. “நீதான் போடேம்ல” என்றான். முறைப்படி அது அவருடைய வேலை. இருந்தாலும் நானே டெக்ஸாஸுக்குப் போட்டேன். மணி அடித்தது. மறுபடி அடித்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

மூன்றாவது மணியில் கட் செய்தார்.

அப்பாடா என்று உட்கார்ந்து, அவர் கணக்கில் ஒரு ரன் எழுதினேன்.